ஜெசிந்தாவின் ஃபோனை அப்டேட் செய்த கதை

ஃபோனில் அப்டேட் போடுவதற்கு முன்னால் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் அணைந்துவிட்டால் அப்புறம் அது வெறும் செங்கல்தான். விழுப்புரத்தில் டிவி, ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். ஃபோனில் யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் “அன்புச்செல்வன்கிட்ட குடு” என்பார்கள். நானும் முகம் சுளிக்காமல் பார்த்துக் கொடுப்பேன். செட்டிங்ஸுக்குப் போய்க் கீழே இறங்கினால் சிஸ்டம் அப்டேட் என்று இருக்கும். அதைத் தொட்டுச் சரிபார்த்தால் மிச்சத்தை ஃபோனே சொல்லிவிடும்.

என் மனைவி ஜெசிந்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுடையது பழைய ஃபோன். முதல் கணவன் இனியவன் வாங்கிக் கொடுத்தது.

இனியவன் திண்டிவனத்துக்காரன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லிக்கொண்டு போவான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், யாராவது இறந்துபோன செய்தி எல்லாம் பிரம்மதேசம் வரைக்கும் அவன் குரலில்தான் போகும். நல்ல குரல். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான். அவர்களுடைய மகள் மலர்விழி அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். பிறகு சொந்தக்காரர்கள் கூடிப் பேசி ஜெசிந்தாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடப் பையை நான் தூக்கினேன். காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை ‘அன்பு அப்பா’ என்று கூப்பிடுவாள். வெறும் ‘அப்பா’ என்றால் அது இனியவன்.

அந்த ஃபோனில் பேசுவதெல்லாம் தானாகவே ரெக்கார்ட் ஆகும். இனியவன் பேசியது அத்தனையும் அதில் இருந்தது. சாப்பிடும்போது மலர் கேட்பாள், ஜெசிந்தா ஒன்றைப் போட்டுவிடுவாள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன், அவன் பேசுவான்.

“இன்னா பண்ணிக்கினு இருக்கே? பாப்பா சாப்ட்டாளா? நான் வந்துக்கினே இருக்கேன். மல்லாட்டை வாங்கியாறேன், தண்ணிய வச்சிரு, ஜல்தியா அவிச்சிடலாம்.”

அவ்வளவுதான், மல்லாட்டை, வெறும் வேர்க்கடலை. அதற்கு ஜெசிந்தா மறுமுனையில் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. நானும் ஒருநாள் மல்லாட்டை வாங்கிக்கொண்டு போனேன். “அங்க வைங்க” என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? உயிரோடிருப்பவன் என்றால் மல்லுக்கு நிற்கலாம். என்றைக்காவது அவனும் குடித்துவிட்டு வந்து பெயரைக் கெடுத்துக்கொள்வான். செத்தவன் தப்பே செய்ய மாட்டான். அவனுக்குத் தலை நரைக்காது, சம்பளம் குறையாது, கோபம் வராது. அவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணிப் பார்த்தால்தான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் திண்டிவனம் போவோம். கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவர்கள் ஜெபம் முடிந்ததும் ஃபோனில் அவன் குரலைப் போடுவார்கள். இனியவனின் அப்பா சவுரிராயன் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, மகன் இப்போதுதான் கூப்பிடுகிறான் என்பதுபோலப் பதில் சொல்வார். “சாப்ட்டேன்டா. கால் வலி தேவலாம்டா.” நான் அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஜெசிந்தாவின் தம்பி ஒருமுறை அதையெல்லாம் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னான். பெரியவர் விடவில்லை.

“செத்தவன் பேச்ச நாலு ஃபோனுக்கு அனுப்பினா அவன் நாலு எடத்துல அலைவாம்மா. ஒரே எடத்துல இருக்கட்டும் வுடு.”

ஜெசிந்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நானாக ஒன்றும் தூண்டவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம், நான் யார் தலையிட?

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மலரின் பள்ளிக்கூட ஆப் ஜெசிந்தாவின் ஃபோனில் திறக்கவில்லை. பழைய சிஸ்டத்தில் வேலை செய்யாது என்று வந்தது. “ஒரே பேஜாரா இருக்குது. நீங்க பாத்துக் குடுங்க” என்று ஜெசிந்தாவே என் கையில் கொடுத்தாள். நான் பிடுங்கவில்லை.

திருநாள் அன்று காலை சவுரிராயன் வீட்டிலிருந்து எல்லோரும் பூசைக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். சார்ஜ் நிறைய இருந்தது. அப்டேட் என்றால் இடம் வேண்டும், இடம் இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றை அழித்துத்தான் ஆக வேண்டும். இது உங்களுக்கும் தெரியும். உறவுக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் பூப்படங்கள் அந்த ஃபோனில் ஏராளமாகக் கிடந்தன. அவற்றை நான் தொடவில்லை.

ரெக்கார்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் அழித்தேன். கேட்காமல் அழிப்பது மரியாதை இல்லை. ஒன்றில் மலர் மழலையில் அப்பா என்கிறாள். இனியவன் பேச முடியாமல் அழுகிறான், ஜெசிந்தா சிரிக்கிறாள். அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன். பிறகு அதையும் அழித்தேன். அழித்தவை கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். பலருக்கு அது தெரியாது. அதையும் காலி செய்துவிட்டு, ஜெசிந்தா விட்டுப்போயிருந்த கைப்பையில் ஃபோனை வைத்தேன்.

சாயங்காலம் கல்லறையில் ஜெபம் முடிந்தது. ஜெசிந்தா ஃபோனை எடுத்துத் தேடினாள். திரும்பத் திரும்பத் தேடினாள். பெரியவர் வழக்கம்போல அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“லைன் எடுக்கலியேம்மா” என்றார்.

“அப்டேட்ல போயிருக்கும் மாமா. சில நேரம் இப்படி ஆவும்” என்றேன் நான்.

ஜெசிந்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “நான்தான அத குடுத்தேன். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்.” பாவம் என்றாள் என்னை. இத்தனை நாளில் எனக்காக அவள் இரங்கியது அதுதான் முதல் தடவை.

மலருக்கும் அம்மா மேல்தான் கோபம். “நீதான ஃபோன குடுத்த, நீதான அப்பாவ தொலச்ச” என்று கத்தினாள். அம்மா ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை, நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். ஜெசிந்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் குறுக்கே பேசவில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறுதானே. அவர்களாகச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

பள்ளிக்கூட ஆப்பை என் ஃபோனில் போட்டுக்கொண்டோம். ஒருநாள் மலர் அந்தப் பழைய ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“அப்டேட்ல போனாரு இல்ல? அடுத்த அப்டேட் வந்தா அப்பா திரும்பி வந்துருவாரா?”

“வந்துருவாரு கண்ணு” என்றேன். குழந்தையிடம் வேறு என்ன சொல்வது?

இப்போது தினமும் நான் கடையிலிருந்து வந்ததும் மடியில் ஏறிக்கொள்கிறாள். அவளே தன் விரலால் அழுத்துகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது. அது சுற்றி முடிகிறவரை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்க்கிறாள். புதிய அப்டேட் எதுவும் இல்லை என்று வருகிறது. “நாளைக்கு பாக்கலாம்” என்கிறேன். “சரிப்பா” என்கிறாள். முன்னால் இருந்த ‘அன்பு’ எப்போது உதிர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஜெசிந்தாவிடம் சொன்னேன், அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த மாடலுக்குக் கம்பெனிக்காரன் அப்டேட் விடுவதை எப்போதோ நிறுத்திவிட்டான். இனி ஒருநாளும் வராது. கல்லறைத் திருநாள் காலையில் நான் முதலில் சரிபார்த்தபோதும் புதிய அப்டேட் எதுவும் இல்லை என்ற இதே வரிதான் வந்தது. அதைப் படித்து முடித்த பிறகுதான் ரெக்கார்டிங்குகளைத் திறந்தேன்.