ரயில் கேட்டில் அணைத்த வண்டி

ரயில் கேட் மூடியிருந்தால் வண்டியை அணைத்துவிட வேண்டும், சார். நல்ல பழக்கம் அது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்தான். கார் ஓட்டக் கற்றுத்தந்த நாளிலிருந்து, நான் சாவியைத் திருப்பும்வரை விடமாட்டார். "சும்மா நிக்கிற வண்டி எதுக்கு உறுமணும்? ஆஃப் பண்ணு." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

அவர் எந்தப் பொருளையும் லேசில் தூக்கிப் போடமாட்டார். ஒட்டுவார், தைப்பார், எண்ணெய் விடுவார். கஞ்சத்தனம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொருள்களிடம் அவருக்கு ஒரு பரிவு இருந்தது. எனக்கு அவரிடம் முதலில் பிடித்ததே அதுதான்.

கார் பேட்டரி சென்ற வருடமே நொண்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் கட் கட் என்று சத்தம் மட்டும் வரும். எங்கள் மகள் காருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தாள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, கேபிள் மாட்டி எழுப்பிவிடுவார். "அண்ணே, பேசாம என் வண்டிக்கும் உங்க வண்டிக்கும் கல்யாணம் பண்ணி வச்சிரலாம்" என்பார். ஜன்னலிலிருந்து மகள் கைதட்டுவாள்.

மெக்கானிக் ஒருநாள் மீட்டர் வைத்துப் பார்த்தார். "சும்மா இருக்கறப்ப மீட்டர்ல நல்லாத்தான் காட்டும் சார். ஸ்டார்ட் பண்றப்ப பாருங்க, அப்படியே படுத்துரும். கேபிள் போட்டு எழுப்புறதெல்லாம் முதலுதவி. வைத்தியம் இல்ல. மாத்திருங்க." என் கணவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பேட்டரி முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார்.

மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. ஒரு மத்தியானம் அது மருந்துக்கு அடங்கவில்லை. காரில் ஏற்றினோம். கட் கட். டாக்ஸிக்காரர் சவாரி போயிருந்தார். என் கணவர் உதவி தேடித் தெருவில் ஓடினார், செருப்புகூடப் போடவில்லை. நான் பின்சீட்டில் அவளை மார்பில் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

"தூங்குமூஞ்சி எந்திரிச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சிரும் பாப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள், அவர் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே பேட்டரியின் முனைகளை ஒரு பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவுடைய பிரஷ். எதையும் வீணாக்கமாட்டார் என்று சொன்னேனே.

"இத மாத்தலையா?" என்று கேட்டேன்.

தலை நிமிராமல் சொன்னார். "இப்ப மாத்துனா, அன்னைக்கே மாத்தியிருக்கலாம்னு ஆயிடுமே."

எனக்குக் கோபம் வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றும் அவருக்குச் சோறு போட்டேன். அதற்கப்புறம் எந்தக் காலையில் நான் சாவியைத் திருப்பி, கார் தானாகக் கிளம்பினாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பாரு, நல்லாத்தானே இருக்கு என்பதுபோல. அவர் கண் கலங்கியிருக்கும். நானும் தலையாட்டுவேன்.

போன வாரம் அது மறுபடி படுத்துக்கொண்டது. டாக்ஸிக்காரர் கேபிள் மாட்டும்போது, என் கணவர் தானாகவே சொன்னார். "போதும். போய் மாத்திரலாம்மா."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால், அப்படியானால் அன்றைக்கே மாற்றியிருக்கலாம், அவ்வளவுதானே என்றுதான் தோன்றியது.

"கடைக்குப் போற வரைக்கும் எங்கயும் ஆஃப் பண்ணிராதீங்க அண்ணி" என்றார் டாக்ஸிக்காரர். "பண்ணுனா அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளுனாலும் கிளம்பாது." அவர் சவாரிக்குப் போய்விட்டார். நான் ஓட்டினேன். மகள் போன பிறகு என் கணவர் ஓட்டுவதை விட்டுவிட்டார்.

பாதி வழியில் அவருக்கு நெஞ்சை அடைத்தது. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரி ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிந்தது. கேட் மூடியிருந்தது. நான் வண்டியை அணைத்தேன்.

ரயில் போனது, கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். லாரிக்காரர் உங்களிடம் சொன்னது உண்மைதான். இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, சாருக்கு முடியலையா?" என்று கேட்டார். "தூங்குறார்" என்றேன். போன் என் மடியில்தான் இருந்தது. அவர் நெற்றி வேர்வையை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன், சார். கையைக்கூட விடவில்லை. அவரும் கடைசிவரை விடவில்லை.

பதற்றத்தில், பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டதாக எழுதிக்கொள்ளலாம் என்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. நானும் இத்தனை நாளாக எனக்கே அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டில் நின்றதும் என் கை சாவிக்குப் போவதை அவர் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆஃப் பண்ணாத" என்றார். "ஆஃப் பண்ணிராதம்மா."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் பேச்சை நான் தட்டியது அந்த ஒரு தடவைதான்.