சுவரைப் பார்த்துத் திரும்பிய பொன்னுத்தாய்

மூளை, நரம்பு, ரத்தக் குழாய்... இதெல்லாம் இந்தப் பயிற்சியில உங்களுக்கு டாக்டரம்மா படம் போட்டு விளக்குவாங்க. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது கதை. ஒரே ஒரு குட்டிக் கதை சொல்லிக்கிறேன்... கேக்குறீங்களா?

தூத்துக்குடிப் பக்கம் லிங்கதுரைன்னு ஒருத்தர். லாரி ஓட்டி ஓய்ஞ்சவர். அவர் சம்சாரம் பொன்னுத்தாய். ஒரு நாள் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. எதுக்கு? அந்தம்மாவோட தம்பி வீட்டுப் பால்காய்ப்புக்கு இவர் வர மாட்டேன்னுட்டாரு. கோவத்துல அந்தம்மா என்ன சொல்லிட்டாங்க? "இனிமே ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போனாங்க... விழுந்துட்டாங்க. பக்கவாதம். இடது கையும் காலும் வரல.

உயிர் தப்பிச்சுது. ஆனா தூக்கி உக்கார வைக்க ஆள் வேணுமே? பிள்ளை இல்லாத வீடு. நம்ம இல்லம் மாதிரி ஒரு இல்லத்துல கொண்டு வந்து சேத்தாரு. அங்க ஜெபராணின்னு ஒரு பொண்ணு வேலை பாத்துச்சு. தங்கமான பொண்ணு. கட்டிலுக்கு வலது பக்கம் சுவரு. இடது பக்கம் வாசல். அதனால இடது பக்கமா ஒரு நாற்காலியைப் போட்டு வச்சிச்சு, ஐயா வந்தா உக்காரட்டும்னு.

லிங்கதுரை தினமும் வருவாரு. உக்காருவாரு. "ஏட்டி பொன்னு... நான் வந்திருக்கேன்."

அந்தம்மா முகத்தைச் சுவரைப் பாத்துத் திருப்பிக்குவாங்க.

"தப்புதான்ட்டி. ஒன் தம்பி வீட்டுக்கு நானே போயி மன்னிப்பு கேக்கேன். ஒரு தடவ என்னைப் பாரேன்..."

சுவரு.

யோசிச்சுப் பாருங்க. பேச்சு நல்லா வருது. கால்மாட்டுல நிக்கிற ஜெபராணிகிட்ட பேசுறாங்க. புருஷன் கூப்பிட்டா மட்டும் சுவரு! அந்த மனுஷனுக்கு என்ன தோணும்?

ஜெபராணிக்கும் புரியல. தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்கும், "இன்னும் பசிக்கி தாயி"ம்பாங்க. "தட்டுல வச்சிக்கிட்டே கேக்கீங்களேம்மா, ஏன் இந்த அடம்?"னு ஜெபராணி சலிச்சுக்கும். "அவுக வந்தாகளா?"ன்னு கேப்பாங்க. "இப்பதானேம்மா எந்திரிச்சுப் போனாரு!" சரி, நினைவும் போயிருச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க.

ஒரு நாள் லிங்கதுரை எந்திரிச்சு, செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாரு... "தாயி, நாளையிலேருந்து நான் வரல. அவ சொன்ன சொல்லைக் காப்பாத்துதா. நான் வந்து எதுக்கு அவளை வேதனைப்படுத்தணும்? நீ நல்லாப் பாத்துக்க."

போயிட்டாரு.

அந்த வாரம்தான் அந்த இல்லத்துல இதே மாதிரி ஒரு பயிற்சி. பிசியோதெரபி பாக்குற ஒரு அம்மா வந்து சொல்றாங்க: "மூளையோட வலது பக்கம் அடிபட்டா, சில பேருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாமப் போயிடும். கண்ணு நல்லாத்தான் இருக்கும். மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்காது. தட்டுல வலது பாதியை மட்டும் சாப்பிடுவாங்க. இடது பக்கம் நின்னு கூப்பிட்டா... வலது பக்கம் திரும்பித் தேடுவாங்க."

ஜெபராணி வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிருச்சு. "மேடம்... அப்ப எங்க பொன்னுத்தாயம்மா திரும்புறது... கோவத்துல இல்லையா?"

ஓடிப் போய் போனைப் போட்டுச்சு. "ஐயா, ஒரே ஒரு தடவ வாங்க. எனக்காக வாங்க." இன்னொரு பொண்ணையும் சேத்துக்கிட்டு கட்டிலையே தலைமாடு கால்மாடா திருப்பிப் போட்டுச்சு. இப்ப வாசலும் நாற்காலியும் வலது பக்கம்.

தயங்கித் தயங்கி வந்தாரு மனுஷன். உக்காந்தாரு. கூப்பிடக்கூட இல்ல.

அந்தம்மா பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க.

"எங்க போயிட்டிய நீங்க? தெனமும் கூப்பிடுத சத்தம் கேக்கு... திரும்பித் திரும்பிப் பாக்கேன்... ஆளைக் காணும். நான் சொன்ன சொல்லுக்குத்தான் வராம இருக்கியளோன்னு கெடந்தேன்."

முகத்தைத் திருப்பிக்கலைங்க... தேடியிருக்காங்க! ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடியிருக்காங்க!

"வந்தேன்ட்டி... தெனமும் வந்தேன்ட்டி"ன்னு அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு லிங்கதுரை குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

அப்புறம் பிசியோதெரபி அம்மா சொன்னபடி, கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமா கால்மாட்டுப் பக்கம் நகத்தி, மாசக் கணக்குல இடது பக்கத்துக்குக் கொண்டு போனாரு. ஒரு நாள் அங்கிருந்து கூப்பிட்டாரு. அந்தம்மா கழுத்தை மெதுவா... ரொம்பச் சிரமப்பட்டு... இடது பக்கம் திருப்பினாங்க. பாத்துட்டுச் சொன்னது என்ன தெரியுமா? "தாடியை எடுக்கப்படாதா? பாக்கச் சகிக்கல."

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன். அந்த இல்லத்துல இரக்கம் இல்லையா? இருந்துச்சு. அந்தப் புருஷன்கிட்ட பாசம் இல்லையா? இருந்துச்சு. அப்புறம் ஏன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொலைக்கப் பாத்தாங்க? விவரம் இல்ல. அவ்வளவுதான்.

நீங்க பாத்துக்கப் போற நோயாளிங்கள்ல ஒருத்தர் காரணமே இல்லாம அழுவாரு. ஒருத்தர் 'ஆமா'ன்னு சொல்ல நினைச்சு 'இல்ல'ம்பாரு. அடம், திமிர், மறதின்னு அவசரப்பட்டுப் பேர் வைக்காதீங்க. "இது நோவோட வேலையா இருக்குமோ?"ன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. தெரியலையா, கேளுங்க. தெரிஞ்சதை அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லுங்க. ஏன்னா அவங்க நம்மகிட்ட கேக்க மாட்டாங்க. 'என்மேல வெறுப்பு'ன்னு தனக்குத்தானே முடிவு பண்ணிட்டு, சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிடுவாங்க. அப்படி ஒருத்தர் எந்திரிக்கும்போது, "இருங்கய்யா, இது கோவம் இல்ல"ன்னு கையைப் பிடிச்சு உக்கார வைக்க... அந்த இடத்துல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?