பன்னிரண்டு பேரின் அரிப்பு

திண்டுக்கல் தபாலாபீஸில் தந்தி வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். முதலில் நின்ற டாக்டர், மதராஸில் நடக்கப்போகும் மருத்துவ மாநாட்டுக்குத் தன் ஆராய்ச்சிச் சுருக்கத்தைத் தந்தியில் அனுப்ப வந்திருந்தார். ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மேடை ஏற முடியாதாம். அப்போது மணி நாலே கால். சுருக்கம் என்றாரே தவிர, குமாஸ்தா எண்ணிச் சொன்னது நாற்பத்தொரு வார்த்தை; தந்தியிலோ ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு.

“தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகள் பன்னிரண்டு பேர். என் களிம்பில் அத்தனை பேருக்கும் அரிப்பு குணம்” என்று அதன் முடிவைக் குமாஸ்தாவிடம் வாசித்துக் காட்டினார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் முழங்கையைச் சொறிந்துகொண்டே, “ஐயா, அதுல நானும் ஒருத்தன்” என்றார்.

“ஏன்யா இன்னும் சொறியிற? போன வாரம் குணமாயிருச்சுன்னு சொன்னியே?”

“வாராவாரம் அம்புட்டு ஆசையா வந்து கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரல.”

“மத்தவங்க?”

“எல்லாரும் பேசி வச்சுத்தான் சொன்னோம். காதர் பாய் மட்டும் உண்மையைச் சொல்லிருவேன்னு நின்னாரு. அவரையும் சமாதானப்படுத்திட்டோம்.”

டாக்டர் தந்திப் பாரத்தைத் திரும்ப வாங்கி, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா சத்தமாக வாசித்தார்:

“கட்டுரை வாபஸ். நோயாளிகள் மிகவும் மரியாதையானவர்கள்.”