தகடு இருக்கிறது என்று சொன்னேன்

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சார். சுவரோரம் இருப்பதில் உட்காருங்கள். அவர் உள்ளே தூங்குகிறார், மெதுவாகவே பேசுவோம்.

உங்கள் அறிக்கையை வாசித்தேன். ஆய்வுக்கூடப் பாதுகாப்பு அதிகாரிக்கு இவ்வளவு நல்ல நடை வரும் என்று நான் நினைக்கவில்லை. லேசர் மேசையில் என் வீட்டுக்காரர் கவனக்குறைவாகக் குனிந்தார், வலது கண் போயிற்று என்று முடித்திருக்கிறீர்கள். அதில் ஒரு பிழை. பிழையான முடிவை அப்படியே விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை; அதனால்தான் அவருக்கு நான் வாத்தியாரம்மா.

மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. கண்ணிமைக்கும் நேரம் என்று மற்றவர்கள் சொல்வது எங்களுக்கு ஒரு யுகம். முதல் லேசர் துடிப்பு எலக்ட்ரானைத் தட்டி எழுப்பும். பின்னாலேயே வரும் இரண்டாவது, அது எதுவரை போயிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும். ஒளியைத் திருப்பும் ஆடியை மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தினால், இரண்டாவது அந்த அளவு தாமதமாக வரும். வீட்டில் தங்காத பிள்ளையைத் துரத்துகிற பிழைப்பு என்பார் அவர்.

அவர் மேதை. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசைக்கு அடியில் தேடுகிற மேதை. அதைப் போட்டால் ஆடியின் சாய்வு தெரியவில்லை என்று வெறுங்கண்ணோடுதான் குனிவார். அதற்குமுன் மேசையின் மறுகோடியில், லேசர் பெட்டிக்குப் பின்னால், ஒளியை மறிக்கும் தகட்டை நான் வைக்க வேண்டும். எங்கள் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை. தகடு இருக்கிறதா என்பது என் வாயால் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

போன மாதம் கடல் தாண்டிய ஓர் ஆய்வுக்கூடம் அவரைத் தலைவராக வரச்சொன்னது. சாப்பிடும்போது சொன்னார்.

"ஒரு இடம்தான் இருக்காம். நீ இங்க மேசையைப் பாத்துக்கோ, வாத்தியாரம்மா. லீவுக்கு லீவு வந்துடறேன்."

நான் கோபப்படவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். போட்டுக்கொண்டார்.

பிறகு நிதானமாக யோசித்தேன். அங்கே யார் சொல்லை நம்பிக் குனிவார்? மறதிக்கார மனிதர். என்றைக்காவது கண்ணுக்கு ஆபத்து வரத்தான் போகிறது. அது அன்னியர் கையால் வருவானேன்?

அன்று காலை வழக்கம்போல மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு. குனிங்க."

தகடு என் கையில் இருந்தது.

அவர் கத்தவில்லை. ஏதோ கறுப்புப் பொட்டு தெரிகிறது, நகரவே மாட்டேன் என்கிறது என்றார். நான் தகட்டை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் போய் அவரைப் பிடித்தேன். பாதுகாப்பே முதலில் என்று நீங்கள்தானே சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்.

இன்னொரு கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேசைக்குப் பக்கத்தில் போனாலே குனியாமல் திரும்பி வந்துவிடுகிறார். அந்த ஊர்க்காரர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நான்தான் மேசையைப் பார்க்கிறேன். சாயங்காலம் வந்து, எலக்ட்ரான் இன்றைக்கு எங்கே போயிற்று என்று கதை மாதிரி சொல்கிறேன். சமர்த்தாகக் கேட்டுக்கொள்கிறார்.

நான் பதில் சொல்லுமுன் தானே அவசரப்பட்டுக் குனிந்துவிட்டதாக அவருக்கு நிச்சயமாகிவிட்டது. நான் மறுத்துப் பேசவில்லை.

அறிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள், சார். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார். நேற்றுகூட என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை விட்டுட்டுப் போக இருந்தேனே, அதுக்கும் சேத்து மன்னிச்சுடும்மா."

மன்னித்துவிட்டேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.