ஒரு கூடை மண்ணு

ஐயோ, டிராக்டரை ஆஃப் பண்ணுங்க தம்பி, கலப்பையை இறக்கிடாதீங்க! உழ வரச்சொன்னது எங்க வீட்டுக்காரர்தான், இல்லேங்கல. சொல்றேன், முதல்ல கீழ இறங்குங்க. செருப்பைக் கழட்டிட்டு இந்தப் புல்லுல காலை வையுங்க. மெத்தை மாதிரி இல்ல?

போன வருஷம் இந்த நிலத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. சொட்டைத் தலையில நாலு முடி மாதிரி அங்கங்க புல்லு. மாடுங்க மேய வந்து என்னைத்தான் முறைச்சிட்டு நிக்கும்.

இருங்க, ஒரு கொத்து பிடுங்குறேன். உதறினாலும் வேர்லேருந்து மண்ணு விழுதா? பூஞ்சை பிடிச்சு வச்சிருக்கு. பூஞ்சைதாங்க! ஏன் கையைத் துடைக்கிறீங்க? இது நல்லது பண்ற பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி மண்ணுக்குள்ள ஓடி, வேர் எட்டாத இடத்துலேருந்தெல்லாம் தண்ணியும் சத்தும் இழுத்தாந்து புல்லுக்கு ஊட்டும். பதிலுக்குப் புல்லு அதுக்குச் சர்க்கரை குடுக்கும். எங்க வீட்டுலகூட இப்படி ஒரு ஒத்துமை கிடையாது!

இல்லல்ல, நாம பெருசா ஒண்ணும் பண்ண வேணாம். உரத்தை அள்ளிக் கொட்டினா புல்லுக்குச் சோம்பேறித்தனம் வந்துடும், பூஞ்சையைக் கண்டுக்காது. மாட்டை ஒட்ட மேய விடக்கூடாது. உழுதா நூலெல்லாம் அறுந்துபோகும். அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் எங்க வீட்டுக்காரரு உழச் சொன்னாரா? நேத்து சாப்பிடுறப்ப ஆசையாச் சொன்னேன், நம்ம புல்லுல பூஞ்சை வந்திருக்குங்கன்னு. மனுஷன் தட்டோட எந்திரிச்சுட்டாரு. ரொட்டியில பூஞ்சை வந்தா வச்சிருப்போமா, மொத்தத்தையும் உழுது தள்ளிடுறேன்னு உங்களுக்குப் போன் போட்டுட்டாரு. கல்யாணமான புதுசுல நோஞ்சானா இருந்த என்னையே பூஞ்சை உடம்புன்னவரு. என்னை மட்டும் வச்சுக்கலையா?

எங்கேருந்து வந்துச்சா? தயிருக்கு உறை ஊத்துற மாதிரி கொஞ்சம் நல்ல மண்ணு வேணும். வேலிக்கு அந்தாண்ட பச்சையாத் தெரியுதே, அது இவரோட அண்ணன் நிலம். அண்ணன் சம்சாரம், என் ஓரகத்திதான் வேரோட ஒரு கூடை மண்ணை வேலி மேல தூக்கிக் குடுத்தாங்க. நிலம் பிரிச்சதுலேருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்க்கிறதில்ல. ஓரகத்தியும் நானும் எங்க பேச்சை நிறுத்தினோம்?

அதையும் காலையில இவருகிட்ட உடைச்சுட்டேன். வேற வழி? குதிச்சாரு பாருங்க! அவன் மண்ணு எனக்கெதுக்கு, திருப்பிக் குடுத்துட்டு வரேன்னு ஒரு கூடை வெட்டித் தலையில வச்சுக்கிட்டு விறுவிறுன்னு போனாரு. எது அவரு மண்ணு, எது நம்ம மண்ணுன்னு எப்படிங்க பிரிப்பீங்கன்னேன். காதுலயே வாங்கல.

அந்தச் சத்தமா? சண்டை இல்ல தம்பி, நல்லாக் கேளுங்க. சிரிக்கிறாங்க! அண்ணன்காரரும் இதையேதான் கேட்டாராம். கூடையை இறக்கி மண்ணைக் கிளறிப் பார்த்த இவரு சிரிச்சுட்டாராம். ரெண்டு பேரும் கூடையை நடுவுல வச்சுட்டு உக்காந்திருக்காங்களாம், ஓரகத்தி இப்பதான் போன்ல சொன்னாங்க.

அதனால இன்னிக்கு உழவு இல்ல. வெறுங்கையோட அனுப்புறோமேன்னு நினைக்காதீங்க, நாளைக்கு வேற வேலை இருக்கு. கலப்பை வேணாம். கட்டி இழுக்க நல்ல தடிமனான கயிறாக் கொண்டாங்க, வேலிக் கம்பமெல்லாம் ஆழமா ஊணியிருக்கு.