நாற்பது மில்லிமீட்டர்

காலை பத்து இருபதுக்குப் பிளாஸ்டிக் வார்க்கும் மெஷினின் அச்சு மூடி, மலரின் விரல்களை நசுக்கியதாம். மலேசியாவின் தஞ்சோங் காராங் மருத்துவமனையில், மருந்து வாங்க வரிசையில் நின்ற என் முன்னால் அவளுடன் வேலை செய்யும் இரு பெண்கள் பேசிக்கொண்டிருந்தனர். என் மகளும் அப்படியொரு மெஷினில்தான் நிற்கிறாள்.

“கடைசி நாப்பது மில்லிமீட்டர் மெதுவா மூடணும்க்கா. கை தட்டுப்பட்டா நின்னுரும். சூப்பர்வைசர் அத பத்துன்னு மாத்திட்டாரு.”

“ஏனாம்?”

“ஒவ்வொரு தடவையும் ரெண்டு செகண்டு மிச்சம் லா. கதவு திறந்திருந்தாலும் ஓடணும்னு சுவிட்சுக்கும் டேப்பு. ஆடிட் வந்தா நாப்பது, போனா பத்து.”

“விசாரணையில கேட்டா சொல்லிரு. இல்லாட்டி மலர் தூங்கிட்டான்னு எழுதிருவாங்க.”

“சொல்வேன்க்கா.”

சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து, இளையவளைப் பார்த்தார்.

“மெஷின பார்த்துட்டுத்தான் வரேன். நாப்பதுதான் இருக்கு. எப்பவும் நாப்பதுதானேம்மா?”