அடுத்த சீசனுக்கு ஒரு கச்சர்

அடுத்த வருசத்துக்கு எங்கள் பேஸ்போல் அணிக்கு முதலில் வேண்டியது ஒரு நல்ல கச்சர், தங்கச்சி. பந்து எறிகிறவனுக்கு நேரெதிரே குந்தியிருந்து பிடிக்கிற ஆள். இப்போது பிடிக்கிற நிஷானுக்கு முழங்கால் போய்விட்டது. அவனை இல்-பிசார் அணிக்காரரிடம் விட்டு, அவர்களுடைய கட்டையனை மாற்றாக வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீங்கள் கதவைத் தட்டினீர்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. றெனோல்ட் முதலில் சுவிஸுக்குப் போய் அங்கே மறுக்கப்பட்டதும், பிறகு செத்துப்போன தமையனின் பெயரில் இங்கே வந்து அகதி கேட்டதும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, அவரைக் கட்டின நீங்கள். மற்றது நான். "நான் வாய் திறக்கேல்லை, ராசா அண்ணை. அப்ப ஆர் காட்டிக்குடுத்தது?" என்றீர்கள். சொல்கிறேன். கோட்டைக் கழற்றிவிட்டு இருங்கள், அஞ்சலீனா. தேத்தண்ணி ஆறுகிறது.

றெனோல்டைப் பந்து எறிகிற பிச்சர் ஆக்கினது நான். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் அவரைக் கட்டுவதற்கு முந்திய கதை. துணி தோய்க்கிற லோண்டரியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டி தள்ளினோம். ஊரில் கிரிக்கெட் விளையாடின கை அவருடையது, முழங்கை மடியாது. மற்றப் பெடியளும் அப்படித்தான், மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டிய ஆட்டத்தில் அடித்த கையோடு அதையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வெள்ளைக்காரர் மைதான ஓரத்தில் நின்று சிரிப்பார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க, ஈரத் துவாயை உருட்டிக் கட்டி, தூரத்தில் நிற்கிற வண்டிக்குள் எறிய வைத்தேன். எறிகிறபோது அவர் முழங்கையை நான் பிடித்து மடிப்பேன். கோடை வந்தபோது அவர் எறிகிற பந்தை ஒருவரும் தொடவில்லை.

நான் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்துக் கூட்டப் பழகினதே இங்கே வந்து, நாற்பது தாண்டி. ஒவ்வொரு சித்திரையும் எங்கள் அணியின் பெயர்களை எழுதிக் கோயில் மண்டபக் கதவில் ஒட்டுவேன். சனம் நின்று வாசிக்கும். நான் எழுதின வேறு எதையும் ஒருவரும் வாசித்ததில்லை. லோண்டரியில் என்னை விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் மைதானத்தில் மட்டும் நான் மனேச்சர்.

ஆனால் அணி தேறவில்லை. ஐந்து தமிழ் அணிகளில் எப்போதும் நாங்கள்தான் கடைசி. இன்னொரு தடவை கடைசியாக வந்தால் எங்களைக் கலைத்து, ஆட்களை மற்ற அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதென்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அது இரண்டாயிரத்து நாலு, இந்த நகரத்தின் பெரிய பேஸ்போல் அணியையே அமெரிக்காவுக்குத் தூக்கிக் கொடுத்த வருசம். அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து மெற்றோவில் வரும்போது றெனோல்ட் சொன்னார்:

"அண்ணை, கோவிக்காதேங்கோ. கர்க்லாண்டில வீடு பாத்திட்டம். அருளம்பலத்தார் தன்ர கூரை வேலைக்கு எடுக்கிறாராம். அவற்ர டீமிலதான் இனி."

"ஆரிட்டைச் சொன்னனீர்?"

"எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன். உங்களிட்டைச் சொல்லத்தான் பயமாக் கிடந்தது."

போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆட்கள் போவார்கள், வருவார்கள். நான் கடைசியாக அறிந்தேன் என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. அவர் இறங்கின பிறகு, நான் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அருளம்பலத்தாரிடம் போனேன். றெனோல்டுக்கு மாற்றாக ஆள் தாரும் என்று கேட்டேன். பெடியளுக்கு முன்னால் சிரித்தார். "உவர் என்ன மாடே, கயிறு மாத்திக் குடுக்க? வீடு மாறினவன் விரும்பின இடத்தில விளையாடுவான். நீர் போய்த் துவாயை மடியும்." பிறகு என்ன நினைத்தாரோ, தை மாசம் தங்கள் பழைய பிச்சர் ரதீசனை எங்களுக்கு விட்டுத் தந்தார். றெனோல்ட் இருக்கும்போது ரதீசன் அவருக்கு எதற்கு? நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஆள் மாற்றங்களுக்குச் சித்திரை கடைசிவரைதான் தவணை. அது முடியும்வரை பொறுத்தேன். முந்திச் செய்திருந்தால் அவர்கள் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு உங்கள் புது வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். நண்டுக் கறி வைத்தீர்கள். றெனோல்ட் பெரிய கால்களைப் பார்த்துப் பார்த்து என் கோப்பையில் வைத்தார். "அண்ணைக்கு இன்னும் கோவம் போகேல்லைப் போல" என்று நீங்கள் பகிடி விட்டீர்கள். கோவமில்லை என்று நான் சொன்னது உண்மை.

திங்கள் காலை வேலைக்குப் போகிற வழியில், தெப்பானர் கடை வாசலில் இருக்கிற போன் பெட்டிக்குள் போய், குடிவரவுக்காரரைக் கூப்பிட்டேன். சொல்லவேண்டியதை முதலே பாடமாக்கி வைத்திருந்தேன். இந்த ஆள், இந்தப் பெயர் இவருடையதில்லை, உண்மையான பெயர் இது, சுவிஸில் கைரேகை கொடுத்தவர். போனில் பேசின பெண் கடைசியில் "மெர்சி" என்றாள். அந்த வருசம் எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

என்னைத் தப்பாக நினைக்கவேண்டாம். அப்போது ஊரில் சமாதானம். பாதை திறந்து, இங்கேயிருந்து சனம் மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த காலம். கால் முறிந்தவனை ஒரு சீசன் வெளியே இருத்திவைப்பதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் ஸ்பொன்சர் செய்து எப்படியும் கூப்பிடுவீர்கள். அதற்குள் எங்கள் அணி தப்பிவிடும். தப்பியது. அந்தக் கோடை கர்க்லாண்ட் கடைசி, நாங்கள் நாலாவது. இன்றைக்கும் எங்கள் அணி இருக்கிறது.

அவரைப் பிடித்துத் தடுத்து வைத்திருந்த இடத்துக்கு உங்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். வழி முழுக்க என் தோளில் சாய்ந்து அழுதீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து றெனோல்ட் என்ன சொன்னார் என்று ஞாபகமா? "அண்ணை, இவவைப் பாத்துக்கொள்ளுங்கோ. திரும்பி வந்தா உங்கட டீமுக்குத்தான்." அவர் வாயாலே சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. அன்றைக்கே எனக்கு எல்லாம் ஆறிவிட்டது.

அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அங்கே சண்டை தொடங்கியது. அதை நானா தொடக்கினேன்? போன மாசம் மன்னாரில் மருந்து வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை என்கிறார்கள். சைக்கிள் மட்டும் வேலியோரம் சாத்தியபடி நின்றதாம். அதை வைத்து எதையும் முடிவுகட்டக்கூடாது, தங்கச்சி. எங்கேயாவது மறைந்து நிற்பார். நான் போன் எடுத்தேன், அவ்வளவுதான். அவரைப் பிடித்ததும் அனுப்பினதும் வேறு ஆட்கள்.

நீங்கள் தேத்தண்ணியைத் தொடவில்லை. சரி, போவதென்றால் போங்கள், படியில் பனி உறைந்து கிடக்கிறது, கவனம். அருளம்பலத்தாரைக் கண்டால், றெனோல்ட் இனி எங்களுடைய ஆள் என்று சொல்லிவிடுங்கள். இந்த முறை பெயர்களில் அவரை முதலாவதாக எழுதிவிட்டேன். கச்சர் வேண்டும் என்று நான் சொன்னது அதனால்தான். றெனோல்டின் பந்தைப் பிடிக்க நிஷானால் ஏலாது.